மயிலிட்டியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்து வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது, கூடவே தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப்போனவை ஓடுபாதைகள். உழுது பயிர் வைக்கவும் முடியாது, உடைத்து விற்கவும் முடியாது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்ற விமானத்தளத்தில் வைக்கோல் பொதிகளை ஓரத்தில் அடுக்கிவிட்டு 1948இல் கார்ப் பந்தயம் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1950 மே 13ஆம் திகதி, ஃபோர்முலா 1 உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் அதே இடத்தில் நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று கிடந்தது. ஐம்பதுகளில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் இறங்கிய தளத்தில் சிங்களப் பையன்களும் பறங்கிப் பையன்களும் கார் ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் பலாலியும் அதே போரில் பிரித்தானிய அரச விமானப்படை போட்ட தளம்தான். அங்கே மட்டும் கார் ஓடவில்லை. ஓடுபாதை வளர்ந்தது, அதைச் சுற்றி இராணுவ வேலி வளர்ந்தது, ஒரு கட்டத்தில் எங்கள் ஊர் மயிலிட்டி வேலிக்குள் போய்விட்டது.

இந்தப் பயணம் அந்த ஒப்பீட்டை மனத்தில் வைத்துத் தொடங்கியதல்ல. தங்கை மகனால் வந்தது. அவனுக்குப் பதினைந்து வயது. மயிலிட்டியில் வள்ளத்தின் வெளியிணைப்பு எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரியும். கைத்தொலைபேசியில் ஃபோர்முலா 1 பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவன். இந்தியாவில் ஃபோர்முலா 4 என்றொரு இளையோர் சாம்பியன்ஷிப் நடக்கிறது, அதில் ஏறுவதற்குக் குறைந்த வயது பதினைந்து, 2024 பருவத்தின் முதல் சுற்று ஓகஸ்ட் 24, 25இல் சென்னைக்கு வெளியே, அடுத்த வாரம் சென்னை நகரத் தெருவிலேயே இரவுப் பந்தயம் என்று விபரமெல்லாம் அவன்தான் கொண்டுவந்தான். "மாமா, பிளேன் பக்கத்திலைதானே நிக்குது" என்றான். உண்மைதான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் நேரத்தில் நான்கில் ஒரு பங்குகூட சென்னைக்கு ஆகாது. விசா எடுக்கும் அலைச்சல் வேறு கதை.

புறப்படுவதற்கு முதல் நாள் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: 1990 ஜூன் 15ஆம் திகதி போரால் மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்து எழும்பியது. 2017 ஜூலை 3ஆம் திகதிதான் துறைமுகமும் அதையொட்டிய ஐம்பத்து நாலு ஏக்கர் சொச்சமும் திரும்பி வந்தன. இப்போது அலைதடுப்பு, ஐஸ் பெட்டிகள், டீசல் மணம் என்று துறைமுகம் துறைமுகமாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் தெற்கிலிருந்து வந்து கட்டியிருக்கும் பலநாள் கலங்கள். மறுபக்கம் எல்லை தாண்டி வந்து கடற்படையிடம் பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப்படகுகள், முகப்பில் சாமி பெயரும் பிள்ளைகளின் பெயரும் எழுதியபடி வரிசையாகக் கிடந்து இற்றுப்போகின்றன. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன்.

"அவங்கடை படகு இஞ்சை கட்டிக் கிடக்கு. நீ அவங்கடை கார் பார்க்க அங்கை போறாய், என்ன?" என்றார், ஊசியை நிறுத்தாமல்.

துறைமுகத்திலிருந்து விமானநிலையம் காகத்துக்குக் கிட்ட. மனிசருக்கு வேலியைச் சுற்றிய பாதை. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போவது புதுமை ஒன்றுமில்லை. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் பறக்கத் தொடங்கிய முதல் நாளே, இரத்மலானையிலிருந்து கிளம்பிய டக்கோட்டா விமானம் இங்கே இறங்கித்தான் மதராசுக்குப் போனது. பிறகு உள்நாட்டுப் போர் எல்லாவற்றையும் மூடியது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் என்ற பலகையோடு திறந்தார்கள். கொரோனா வந்து மூடியது. 2022 டிசெம்பர் 12 முதல் மறுபடி சென்னை விமானம். சுழல்விசிறி வைத்த ஏடிஆர் விமானம் கிளம்பி இடதுபக்கம் சாயும்போது கீழே மயிலிட்டி அலைதடுப்பும் படகு வரிசையும் தெரிந்தன. தங்கை மகன் அதைப் பார்க்கவில்லை. அவன் ஓடுபாதையின் நீளத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சென்னையில் வளசரவாக்கத்தில் சின்னம்மா வீடு. எண்பதுகளில் போன எங்கட ஆட்கள் பலர் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து பூந்தமல்லி தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் தொழிற்சாலைகளுக்கு நடுவே போனால் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்து ஓடுபாதைக் காலம் முடிந்து, மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சொந்தமாகப் போட்ட தடம் இது; 1990இல் திறந்தார்கள். கவனித்தீர்களா, மயிலிட்டி எழும்பிய அதே ஆண்டு. சுற்று 3.7 கிலோமீற்றர், வளைவுகள் பன்னிரண்டு. மரங்கள் இல்லாத பொட்டல். ஓகஸ்ட் வெயில் தார்மேல் பட்டு முகத்தில் அறைகிறது. பார்க்க வந்த கூட்டத்தில் பாதி, ஓட்டுகிறவர்களின் சொந்தக்காரர் என்று தோன்றியது.

இந்தக் கார்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒற்றை இருக்கை, சக்கரங்கள் மூடாமல் வெளியே, ஓட்டுகிறவன் ஏறக்குறையப் படுத்த நிலையில் உள்ளே இறங்கிக் கிடப்பான், தலைக்கு மேலே ஹாலோ என்ற உலோக வளையம். ஃபோர்முலா 4 என்ற இந்த வகுப்பை சர்வதேச மோட்டர் சம்மேளனம் 2014இல் உலகம் முழுதும் ஒரே விதியில் கொண்டுவந்தது. கார்ட் வண்டியில் தொடங்கும் பிள்ளை அடுத்து ஏறும் படி இது. அதற்கு மேல் ஃபோர்முலா ரீஜனல், ஃபோர்முலா 3, ஃபோர்முலா 2, உச்சியில் ஃபோர்முலா 1. இந்தியத் தொடரில் எல்லோருக்கும் பிரான்சின் மைகால் நிறுவனத்தின் ஒரே சட்டகம், ஒரே அல்பீன் டர்போ எஞ்சின், 1.3 லீற்றர்தான். நேர்பாதையில் மணிக்கு இருநூறு கிலோமீற்றரைத் தாண்டிவிடும். சத்தம் மட்டும் எதிர்பார்த்ததைவிட மெல்லியது. "எங்கடை யமாஹாவே இதைவிடக் கத்தும்" என்று தங்கை மகன் ஏமாற்றமாகச் சொன்னான். ஆனால் முதல் வளைவில் ஒன்பது பத்துக் கார்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக, ஒரு முழ இடைவெளியில் பிரேக் பிடித்து உள்ளே நுழைந்தபோது வாயை மூடிக்கொண்டான்.

பந்தயம் இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மீதி நாள் முழுவதும் வேறொரு வேலை நடக்கிறது, அதுதான் என்னை இழுத்தது. கராஜ் கொட்டகைகளில் பையன்கள் வியர்வையோடு மடிக்கணினி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வளைவில் எத்தனை மீற்றர் முன்னால் பிரேக்கை மிதித்தான், எங்கே காலை எடுத்தான் என்று கோடுகோடாகத் திரையில் ஓடுகிறது. பக்கத்தில் பொறியியலாளர், அவருக்குப் பின்னால் கைகட்டி நிற்கும் அப்பா. அப்பாக்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் அதே முகம்.

கோயம்புத்தூர்க்காரர் ஒரு மெக்கானிக், டயர்களை உருட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"யாழ்ப்பாணமுங்களா? அங்கெல்லாம் ரேஸ் உண்டுங்களா?"

"கார் இல்லை. மாட்டுவண்டிச் சவாரி உண்டு" என்றேன்.

"அதுவும் ரேஸ்தானுங்க. எங்கூர்ல ரேக்ளா." பிறகு தங்கை மகனைப் பார்த்து, "தம்பி, இங்க வண்டி எல்லாம் ஒண்ணுதான். ஓட்டறவன்தான் வேற. ஆனா ஒண்ணு, அந்த வண்டில நூறு நாள் ஓட்டிப் பழகுனவனும் பத்து நாள் ஓட்டுனவனும் ஒண்ணாக முடியாது" என்றார்.

இளையோர் பந்தயத்தின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே கார் என்ற விதி பணக்காரன் நல்ல எஞ்சின் வாங்குவதைத் தடுக்கிறது. அவன் நல்ல பயிற்சி வாங்குவதைத் தடுக்க எந்த விதியாலும் முடியாது. ஐரோப்பாவில் ஒரு ஃபோர்முலா 4 பருவம் ஓட்ட இலட்சக்கணக்கான யூரோ வேண்டும். அதனால்தான் வெளிநாட்டுப் பையன்கள் இந்தியாவுக்கு வருகிறார்கள்: இங்கே செலவு குறைவு, கிடைக்கும் புள்ளிக்குப் பெறுமதி உண்டு. ஃபோர்முலா 1 ஓட்ட சூப்பர் லைசன்ஸ் வேண்டும். அதற்கு மூன்று பருவத்தில் நாற்பது புள்ளி சேர்க்க வேண்டும். ஃபோர்முலா 4 பட்டம் ஒன்றுக்குப் பன்னிரண்டு வரை கிடைக்கும். 2023இல் நடந்த முதல் பருவத்தில் அவுஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர் வென்றார். கொச்சி, ஹைதராபாத், சென்னை, கோவா என்று அணிகளுக்கு ஊர்ப் பெயர் வைத்து, நடிகர்களையும் கிரிக்கெட் வீரர் சௌரவ் கங்கூலியையும் உரிமையாளர்களாக்கிக் கவர்ச்சி கூட்டுகிறார்கள். காருக்குள் இருக்கும் பிள்ளை எந்த ஊர் என்பது வேறு விசயம்.

அடுத்த வார இறுதி, சென்னைத் தீவுத்திடலில் அந்தத் தெருப் பந்தயம். இதற்கு வந்த கூட்டம் இருங்காட்டுக்கோட்டையின் கூட்டத்தோடு ஒப்பிடத்தக்கதல்ல. முந்தைய டிசெம்பரில் நடத்த இருந்து, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன பந்தயம். தமிழ்நாடு அரசு கோடிக்கணக்கில் செலவழித்தது. எதிர்த்து வழக்குகள் நடந்தன. உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. கொடிக்கம்பச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மூன்றரைக் கிலோமீற்றரில் பத்தொன்பது வளைவுகள். இரு கரையும் கொங்கிறீற் தடுப்பு, அதற்கு மேல் கம்பிவலை, மேலே பகல்போல் விளக்கு. ஓகஸ்ட் 31 சனிக்கிழமை மழை பெய்தது. சர்வதேசச் சம்மேளனத்தின் தடச் சான்றிதழ் வரத் தாமதமாகி, நீதிமன்றம் நேரத்தை நீட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. கடைசியில் இரவு பயிற்சி ஓட்டம் தொடங்கியபோது சனம் பாதி கலைந்திருந்தது. போதாக்குறைக்கு அந்த வார இறுதியில் தெருநாய் ஒன்று தடத்துக்குள் புகுந்து ஓட்டத்தை நிறுத்த வைத்தது. அடுத்த நாள் பத்திரிகைகளில் வென்றவர்களுக்குக் கிடைத்த இடத்துக்குக் குறையாமல் அதற்கும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை இரவுப் பந்தயம் அழகாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். நனைந்து காய்ந்த தாரில் விளக்குகள் மின்ன, போர் நினைவுச் சின்னத்தின் பக்கம் கார்கள் திரும்பும்போது ஆயிரம் கைத்தொலைபேசிகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், குழந்தையை இடுப்பில் வைத்தபடி, "இவ்ளோ வேகமா போயி எங்கதான் போறாங்க, சுத்திச் சுத்தி இங்கயேதானே வராங்க" என்றார். எனக்குப் பிடித்த விமர்சனம் அதுதான். ஆனால் என் தீர்ப்பு வேறு: தெருப் பந்தயம் நகரத்துக்கான காட்சி, பிள்ளை உருவாவது இருங்காட்டுக்கோட்டைப் பொட்டலில். இரண்டு நாள் தெருவை மூடும் செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கார்ட் ஓட்டப் பழக்கலாம் என்று கணக்குப் போட்டால் அமைச்சர்களுக்குப் பிடிக்காது. அன்றைய திகதி செப்டெம்பர் 1. அதே நாளில் இண்டிகோ நிறுவனமும் சென்னை–யாழ்ப்பாணம் விமானத்தைத் தொடங்கியிருந்தது என்று சின்னம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வீட்டில் இருந்தவர்களுக்குப் பந்தயத்தைவிட அதுதான் செய்தி.

ஊர் திரும்பியிருக்கலாம். கோயம்புத்தூர் பார்க்காமல் போனால் பாதிதான் பார்த்ததாகும் என்று மெக்கானிக் சொன்னது காதில் இருந்தது. ரயில் ஏறினோம்.

இந்திய ஒற்றை இருக்கைப் பந்தயத்தின் வேர் சென்னையில் இல்லை, கோவையில் இருக்கிறது. ஏன் என்று அந்த ஊர்த் தெருவில் நடந்தாலே தெரியும். பஞ்சாலை, பம்ப்செட், வார்ப்படம், லேத் பட்டறை என்று இரும்போடு பழகிய ஊர். ஒரு பல்சக்கரம் உடைந்தால் மாலைக்குள் கடைந்து தருவதற்கு ஆள் இருக்கும் ஊரில்தான் பந்தயக் கார் பிழைக்கும். எஸ். கரிவரதன் என்ற மனிதர் அந்த ஊரில் ஆலைக் குடும்பமொன்றில் பிறந்தவர். சோழவரத்தில் ஓட்டி வென்றவர். சோழவரத்தின் கடைசிக் காலங்களில் வசதியுள்ளவர்கள் வெளிநாட்டுக் கார்களை இறக்கி ஓட்டினார்கள். விஜய் மல்லையா பழைய ஃபோர்முலா 1 கார் ஒன்றையே கொண்டுவந்து ஓட்டினார். கரிவரதன் எதிர்த்திசையில் யோசித்தார். மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஊர்தோறும் கிடைக்கிறது, மலிவு, பழுதுபார்க்க எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து உள்ளூரிலேயே சிறிய ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டினார். ஃபோர்முலா மாருதி என்று பெயர். ஃபோர்முலா 4ஐச் சர்வதேசச் சம்மேளனம் கண்டுபிடிப்பதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்னால், ஒரே கார், குறைந்த செலவு, பிள்ளைகளுக்கான படி என்ற அதே யோசனை ஒரு கோவைப் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படியில் காலை வைத்து ஏறியவர் நரேன் கார்த்திகேயன். தகப்பன் ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். மகன் பதினாறு வயதில் ஃபோர்முலா மாருதி ஓட்டினான், பிறகு இங்கிலாந்து போனான். 1996இல் ஃபோர்முலா ஆசியா பருவத்தில் ஓடிப் பட்டம் வென்றான். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியன் அவன்தான்.  2005இல் ஜோர்டான் அணியில் ஃபோர்முலா 1. இந்தியானாபோலிஸில் டயர்ப் பிரச்சினையால் ஆறு கார்கள் மட்டும் ஓடிய அந்த விசித்திரப் பந்தயத்தில் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஒரு தமிழ்நாட்டுப் பையன் ஃபோர்முலா 1இல் புள்ளி எடுத்தது அது ஒருமுறைதான். 2010இல் சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபோர்முலா 1 வரை போனார். அவருடைய தாத்தா இந்து சந்தோக் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களுள் ஒருவர். மூன்று தலைமுறை எடுத்திருக்கிறது.

செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஓட்டோ பிடித்துப் போனோம். அன்று பந்தயம் இல்லை. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாக வைத்த பெயர். ஃபோர்முலா எல்ஜிபி தொடரைத் தொடங்கிய பி. விஜயகுமார் ஆரம்பத்தில் இந்த நிலத்தை வாங்கியது இலகுரக விமானங்களை இறக்கி ஏற்றுவதற்காம். நண்பர்கள் பிடித்து இழுத்துப் பந்தயத் தடமாக மாற்றிவிட்டார்கள். சுற்று இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காவலாளியிடம் கேட்டு வேலியோரம் நின்றோம். ஒருவர் தனியாக ஒரு சிறிய காரில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வளைவில் ஒரே இடத்தில் பின்சக்கரம் நழுவியது, அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே காலை எடுத்தார், அப்படியும் நழுவியது. தங்கை மகன் கைகளை முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். சோழவரம், கட்டுக்குருந்த, செட்டிபாளையம் எல்லாவற்றிலும் விமானத்துக்கென்று போட்ட நிலம்தான் காருக்கு வந்திருக்கிறது என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பலாலி வேலி ஞாபகம் வந்தது. சொன்னால் அவனுக்கு விளங்காது என்றில்லை. அவன் பிறந்ததே வேலிக்கு இந்தப் பக்கம்.

பருவம் நவம்பரில் அதே கோவைத் தடத்தில் முடிந்தது. நாங்கள் அப்போது ஊரில். ஹைதராபாத் அணிக்கு ஓடிய தென்னாபிரிக்கப் பையன் அகில் அலிபாய் பட்டம் வென்றதைத் தங்கை மகன் தொலைபேசியில் காட்டினான். இரண்டாவது முறையாகவும் வெளிநாட்டுக்காரன். பெங்களூரின் ருஹான் ஆல்வா போன்றவர்கள் கடைசிவரை விரட்டினார்கள். இதில் இந்தியர் வருத்தப்பட ஏதுமில்லை என்பது என் எண்ணம். வெளியாள் வந்து தோற்கடித்தால்தான் உள்ளாளின் அளவு தெரியும். நரேனும் வெளியே போய்த்தான் கற்றார்.

எங்கள் தீவின் கணக்கைப் பார்த்தால் நிலைமை இன்னும் விநோதம். நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கிவிட்டது.  கட்டுக்குருந்தவில் இன்னும் ஓடுகிறார்கள். பண்டாரகமவில் கார்ட் தடம் இருக்கிறது. கொழும்பில் பிறந்த யெவான் டேவிட் என்ற இளைஞர் ஐரோப்பிய ஒற்றை இருக்கைத் தொடர்களில் இலங்கைக் கொடியோடு ஓடுகிறார். எல்லாம் வவுனியாவுக்குத் தெற்கே. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நாங்கள் சென்னைக்குப் போன அதே 2024ஆம் ஆண்டில், ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பார்வையாளருக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். தடுப்பில்லாத இடத்தில் வேகம் வைத்தால் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் தடமும் இல்லை, தடுப்பும் இல்லை. ஆனால் வேகம் இருக்கிறது. இரவில் ஏ-9 வீதியிலும் பலாலி வீதியிலும் மோட்டர்சைக்கிள் பறக்க விடும் பையன்களின் மரண அறிவித்தல் ஒட்டாத மதில் எந்த ஊரில் இருக்கிறது?

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணம் வந்தார். மயிலிட்டித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட வேலையைத் தொடக்கிவைத்தார். அதே நாளில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கும் அடிக்கல் வைத்தார். கிரிக்கெட் மைதானம் வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் ஒரு மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு ஆகும் கொங்கிறீற்றில் கார்ட் தடம் ஒன்றைப் போட்டு முடிக்கலாம். ஒரு கிலோமீற்றர் தார், ஓரத்தில் பழைய டயர் அடுக்கு, ஒரு கொட்டகை, ஓர் அம்புலன்ஸ். அவ்வளவுதான் முதற்படி.

எங்கே என்று கேட்பார்கள். பலாலியைச் சுற்றி இன்னும் விடுபடாத காணிகளில் வேண்டாம். அவை சனத்தின் காணிகள், சனத்துக்கே போகவேண்டும், அதற்குப் பிறகுதான் வேறு எந்தப் பேச்சும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அது அரச காணி. கல் கிண்டிய குழிகளும், லொறி ஓடிய தளமும், காற்றுமாகக் கிடக்கிறது. வீடுகளுக்குத் தள்ளி, துறைமுகத்துக்கும் விமானநிலையத்துக்கும் கிட்ட. வடமாகாண விளையாட்டுத் திணைக்களத்தில் இதைப் படிக்கும் யாராவது இருந்தால், கோயில் கோபுரத்துக்கும் ஊர் வளைவுக்கும் காசு அனுப்பும் கனடா, லண்டன் ஊர்ச் சங்கத்து உறவுகள் யாராவது இருந்தால், ஒருமுறை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். எஞ்சின் பூட்டத் தெரிந்த பிள்ளைகள் மயிலிட்டியிலும் ஊறணியிலும் தையிட்டியிலும் வேண்டிய அளவுக்கு இருக்கிறார்கள்.